ஹாச்சியை விரட்டியவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் குடும்பத்தோடு பார்க்க உங்கள் சிறுவர் பக்கம் சொன்ன படங்களில், 2009-இல் ரிச்சர்ட் கியர் நடித்து வந்த ‘ஹாச்சி’யும் இருந்தது. பேரப்பிள்ளைகளோடு பார்த்தேன். தன்னை வளர்த்து இறந்துபோன பேராசிரியருக்காக அந்த நாய் பனியிலும் ரயில் நிலையத்தில் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தபோது வீட்டில் எல்லோரும் அழுதோம். நல்ல படம், சந்தேகமே இல்லை. ஆனால் உண்மையில் நடந்த ஒன்றைப் படம் ரொம்பவும் மென்மையாக்கிவிட்டது. பிள்ளைகளுக்கு அதுதான் முக்கியமாகத் தெரிய வேண்டும்.

உண்மைக் கதை நடந்தது ஜப்பானின் டோக்கியோவில், ஷிபுயா ரயில் நிலையத்தில். விவசாயப் பேராசிரியர் உயேனோ 1925 மே 21 அன்று வேலைக்குப் போன இடத்தில் இறந்தார். ஹாச்சி அவரோடு வாழ்ந்தது ஒன்றரை வருஷம்கூட இல்லை. அப்புறம் 1935 மார்ச்சில் தான் சாகும்வரை அது நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது. படத்தில் நிலையத்துக்காரரும் கடைக்காரரும் பரிவோடு தீனி போடுகிறார்கள். ஷிபுயாவிலோ பல வருஷம் அதைத் தொல்லையாகத்தான் நினைத்தார்கள். விரட்டினார்கள், அடித்தார்கள்.

ஜப்பானின் நாட்டு நாய்களைக் காக்கப் பாடுபட்ட சைட்டோ ஹிரோகிச்சி என்பவர் இதைப் பார்த்து மனம் பொறுக்காமல் பத்திரிகைக்குத் தெரிவித்தார். 1932 அக்டோபரில் ‘அசாஹி’யில் செய்தி வந்தது. அதன்பிறகுதான் ஊரே ஹாச்சியைக் கொண்டாடியது. 1934-இல் சிலை திறந்தபோது ஹாச்சியும் அங்கே இருந்தது. அத்தனை வருஷமும் அதே நாய்தானே ஐயா அந்த வாசலில் நின்றது!

எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில், படம் பார்த்த பிள்ளைகள் ஹாச்சியின் இனமான அகிதா குட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். பனி கொட்டும் வட ஜப்பானில் வளர்ந்த, அடர்ந்த ரோமமுள்ள நாய் நம் கத்திரி வெயிலில் என்ன பாடுபடும்? கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் நம் வெயிலுக்குப் பழகியவை. வளர்க்க ஆசை என்றால் அவற்றை வளர்க்கலாம். தெருவில் பிறந்த குட்டியை எடுத்து வளர்த்தால் இன்னும் நல்லது.

நம் ஜங்ஷன் ரயில் நிலையத்தின் வெளியே கழுத்துப் பட்டையோடு நாய்கள் திரிவதைப் பார்க்கிறேன். யாரோ வீட்டில் வளர்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுப் போனவை. கடித்துவிடுமோ என்று பயணிகள் பயப்படுவது நியாயம்தான். அதற்குத் தடுப்பூசியும் கருத்தடையும் ஒழுங்காக நடக்க வேண்டும். கல்லெறிவது அதற்கு வழியில்லை. வளர்த்தவர்கள் கொண்டுவந்து விடுவதும் நிற்க வேண்டும்.

சைட்டோவின் கதையைச் சிறுவர் பக்கத்தில் முழுதாகப் போடுங்கள். உங்கள் நிருபர் ஒருவரை ஒரு சாயங்காலம் ஜங்ஷனுக்கு அனுப்பி, அந்த நாய்களைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை