சுபின் மேத்தா வியன்னாவில் பயின்றது வயலின் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் இசைக்குழு நெறியாளர் (கண்டக்டர்) சுபின் மேத்தாவைப் பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். மேலைத்தேய சாஸ்திரிய இசைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்குவது அபூர்வம் என்பதால் முதலில் என் நன்றி. ஆயினும் அதில் ஒரு தகவல் பிழையும் அதைவிடப் பெரிய பார்வைப் பிழை ஒன்றும் இருப்பதால், இலங்கை மலையகத்தின் தோட்டப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் கற்பித்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மேத்தா வியன்னாவில் வயலின் பயின்றார் என்று கட்டுரை கூறுகிறது. வயலின் வாசித்தவர் அவருடைய தந்தை மெஹ்லி மேத்தா. 1936இல் பம்பாயில் பிறந்த மகன், வீட்டாரின் விருப்பப்படி தொடங்கிய மருத்துவப் படிப்பை இடையில் விட்டுவிட்டு 1954இல் வியன்னா சென்று, ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசானிடம் நெறியாள்கை கற்றார். அங்கே அவர் வாசித்த வாத்தியம் டபுள் பாஸ். ஆள் உயரத்தையும் மிஞ்சி நிற்கும் அந்த வாத்தியம் குழுவின் பின்பகுதியில் இருப்பது. தனி ஆவர்த்தனத்துக்கு அதை அழைப்பது அபூர்வம். ஆனால் அதை வாசிப்பவருக்கு முன்னால் இருக்கும் அத்தனை பேரின் முதுகும், அவர்களுக்கு அப்பால் நெறியாளரின் முகமும் கையும் தெரியும்.

பார்வைப் பிழை இதிலிருந்துதான் தொடங்குகிறது. தந்தை இசைஞர், மகனுக்குப் பிறவி ஞானம், கோலை அசைத்தார், உலகம் வசப்பட்டது என்ற பாங்கில் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. வியன்னாவில் புருனோ வால்டர், காராயன் போன்ற பெரிய நெறியாளர்கள் ஒத்திகை நடத்தும்போது வெளியாருக்கு அனுமதி இல்லை. மேத்தாவும் உடன் பயின்ற கிளவுடியோ அபாடோவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: அந்த ஒத்திகைகளில் பாடும் பெரிய கூட்டிசைக் குழுவில் கீழ்ஸ்தாயிப் பாடகர்களாகச் சேர்ந்துகொண்டார்கள். பாடியது சாக்கு, பார்த்ததே படிப்பு. பிற்காலத்தில் உலகின் முதல் வரிசைக்கு வந்த இரு நெறியாளர்கள் இப்படிக் கள்ளத்தனமாகக் கற்றதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலேனும் சொல்லியிருக்கலாம்.

நம் நாட்டில் கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கட் கிழிப்பவர்தான் நினைவுக்கு வருவார் என்பதால், இசைக்குழுவில் அவருக்கு என்ன வேலை என்பதையும் சற்று விளக்க வேண்டும். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கத்தை, மூன்று குறிலும் ஒரு நெடிலுமாக விழும் அந்த நான்கு ஸ்வரங்களை, கேட்டிராதவர் சிலரே. இசைத்தாளில் அவற்றுக்கு முன்னால் ஒரு மௌனக் குறி இருக்கிறது. தாளம் அந்த மௌனத்தின் மேல் விழுகிறது, ஸ்வரம் அதற்குப் பின்னரே எழுகிறது. நாம் இதை அனாகத எடுப்பு என்போம். நம் கச்சேரியில் பாடகர் தொடையில் தட்டும் தாளம் பக்கத்தில் இருப்பவருக்குக் காதிலும் விழும்; அங்கே அந்தத் தட்டு நெறியாளரின் கையில் மட்டுமே இருக்கிறது, அதற்கு ஓசையே கிடையாது. கோல் இறங்கும் விதத்தைப் பார்த்து, வரப்போகும் ஸ்வரத்தின் வேகம் என்ன, அழுத்தம் என்ன என்பதை அறுபது எழுபது பேர் ஒரே கணத்தில் உணர்ந்தாக வேண்டும்.

மாசி மாதத்தில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. தப்பு என்ற பறையை அடிப்பவர்கள் சருகைக் கொளுத்தித் தோலைத் தீயில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் ஏறிய பின்னரே வரிசையில் நிற்பார்கள். அடி உச்சத்தில் இருக்கும்போது எங்கள் கூத்து வாத்தியார் வாய் திறக்காமல் உள்ளங்கையைக் கீழே காட்டி ஒரு சாண் தாழ்த்துவார். எட்டுத் தப்பும் அடங்கி, ரதியின் புலம்பல் மட்டும் மேலே வரும். அவர் கையில் கோல் இருந்ததில்லை. 2007ஆம் ஆண்டு வியன்னா புத்தாண்டுக் கச்சேரியில் மேத்தாவைச் செய்மதித் தொலைக்காட்சியில் பார்த்தபோது, என் கண் அவருடைய கோல் பிடித்த வலது கையை விட்டு இடது கைக்குத்தான் போனது.

அதிர்ஷ்டம் என்ற சொல்லையும் கட்டுரை தாராளமாகப் பயன்படுத்துகிறது. 1958இல் லிவர்பூல் போட்டியில் முதற்பரிசு பெற்றவருக்கு, மொன்ட்ரியலிலும் லொஸ் ஏஞ்சலிஸிலும் வேறு நெறியாளர்கள் வர இயலாமற்போன மேடைகள் வாய்த்தது உண்மைதான். ஆனால் அவசரமாகக் கிடைத்த மேடையில் ஏறி நிற்பதற்கு, அதற்கு முன்னரே அந்த இசை மனத்தில் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? 1962இல், இருபத்தாறு வயதில், லொஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1978 முதல் 1991 வரை நியூயோர்க் பில்ஹார்மோனிக். இஸ்ரேல் பில்ஹார்மோனிக்குடன் 1969 முதல் 2019 வரை அரை நூற்றாண்டு. அங்கே 1981இல், நாஸிகள் போற்றிய ஜெர்மன் இசைமேதை வாக்னரின் இசையை வாசிக்க முனைந்தபோது, நாஸி முகாம்களின் நினைவைச் சுமந்த சபையிலிருந்து எழுந்த எதிர்ப்பையும் அவர் மேடையில் நின்றே சந்தித்தார். இதைத் தவிர்த்துவிட்டு, அவர் போகுமிடமெல்லாம் கொச்சிக்காய் கொண்டுபோவார் என்பதற்குக் கட்டுரை ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறது. சுவையான செய்திதான், மறுக்கவில்லை.

எனக்கு மேத்தா அறிமுகமானது 1980களின் இறுதியில், கொழும்பில் வேலை பார்த்த என் மைத்துனர் கொண்டுவந்த ஒரு கசட்டின் மூலம். ரவிசங்கரின் இரண்டாவது சித்தார் கொன்சேர்ட்டோ, அதாவது தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி; 1981இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக்குடன் அரங்கேற்றி, பின்னர் லண்டன் பில்ஹார்மோனிக்குடன் மேத்தா ஒலிப்பதிவு செய்தது. எழுதிவைத்ததை மட்டும் வாசிக்கப் பழகிய குழுவும், அவ்வப்போது கற்பனையில் வாசிக்கும் மனோதர்மத்தில் ஊறிய சித்தாரும் ஒரே மேடையில் இருக்கும்போது நடுவில் நிற்பவரின் பாடு என்னவென்று பாடசாலை விடுதியில் மழை இரவொன்றில் யோசித்துக்கொண்டே மூன்று முறை கேட்டேன்.

தந்தையைப் பற்றிய பத்தியையும் கட்டுரை அவசரமாக முடித்துவிட்டது. மெஹ்லி மேத்தா 1935இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தோற்றுவித்தவர். மகனுக்கு ஒன்பது வயதாக இருக்கையில் மேலும் கற்பதற்காக நியூயோர்க் சென்று சில ஆண்டுகள் தங்கியவர். அந்தப் பம்பாய்க் குழுவின் ஒத்திகையைக் கேட்டே மகன் வளர்ந்தார். நம் மலையகத்தில் தரம் 6இல் பிள்ளை எந்த அழகியல் பாடத்தைத் தெரிவு செய்கிறது என்பது பெரும்பாலும் அந்தப் பாடசாலைக்கு எந்த ஆசிரியர் கிடைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மேலைத்தேய சங்கீதமும் பாடத்திட்டத்தில் இருக்கிறது; நான் பணியாற்றிய பாடசாலை எதிலும் அதற்கு ஆசிரியர் இருந்ததில்லை. கட்டுரையை எழுதியவர் அடுத்த முறை இந்தப் பக்கமும் வந்து பார்க்க வேண்டும்.

எங்கள் வீதியில் ஒரு மாணவி பாடசாலை பேண்ட் வாத்தியக் குழுவில் பெரிய டிரம் அடிக்கிறாள். உங்கள் கட்டுரையை வெட்டி அப்பியாசக் கொப்பியில் ஒட்டிவைத்திருக்கிறாள். "சேர், வயலின் தெரியாவிட்டால் இந்த வேலைக்குப் போக முடியாதா?" என்று என்னிடம் கேட்டாள். டபுள் பாஸைப் பற்றிச் சொன்னேன். பேப்பரில் அப்படிப் போடவில்லையே என்றாள். ஆகவே அந்த ஒரு வரித் திருத்தத்தையாவது வரும் ஞாயிறு இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒட்டுவதற்கு இடம் விட்டுவைத்திருக்கிறாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர்,
ஹட்டன்.