வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதி: நியூ ஜெர்சித் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எடிசன், பிஸ்கேட்டவே, சவுத் பிரன்ஸ்விக், பிளெயின்ஸ்பரோ என்று பரவி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, வணக்கம்.

குடியுரிமை பெற்ற பிறகும் நம்மில் பலர் அதிபர் தேர்தலுக்கு மட்டுமே வாக்குச்சாவடிப் பக்கம் போகிறோம். எனக்கு இது பெரிய மனக்குறை. வாஷிங்டன் அரசியலை விடிய விடிய அலசுகிறோம். நம் வீட்டு வரியையும் பிள்ளைகளின் வகுப்பறையையும் தீர்மானிப்பவர் யாரென்று கேட்டால் விழிக்கிறோம்.

சொத்து வரி பில்லை எடுத்துப் பாருங்கள். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என நான்கு தவணை. வீட்டுக் கடனோடு சேர்த்து வங்கியே கட்டிவிடுவதால் பலருக்கு அது கண்ணில் படுவதே இல்லை. 2024-இல் இம்மாநிலத்தின் சராசரி சொத்து வரி 10,000 டாலரைத் தாண்டியது. கவுண்டிக்கு (பல ஊர்களை உள்ளடக்கிய நிர்வாகப் பிரிவு) எவ்வளவு, ஊராட்சிக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று அந்த பில்லில் பிரித்தே போட்டிருக்கும். மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குத்தான் போகிறது. அந்தப் பணத்துக்குக் கணக்குப் போடும் பள்ளி வாரியத்தைப் பெரும்பாலான ஊர்களில் நாமே தேர்ந்தெடுக்கிறோம். சம்பளமில்லாத பதவி, கட்சிப் பெயரில்லாத போட்டி. வாக்குச்சீட்டின் அடியில் இருப்பதால் நிரப்பாமலே விட்டுவிட்டு வருகிறோம்.

பள்ளிப் பேருந்தைப் பாருங்கள். எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேல், உயர்நிலைப் பள்ளிக்கு 2.5 மைலுக்கு மேல் இருந்தால்தான் பேருந்து விடுவது சட்டப்படி கட்டாயம். அதற்குள் வசிக்கும் பிள்ளைகளுக்குப் பேருந்து விடுவதும் விடாததும் பள்ளி வாரியத்தின் விருப்பம். பணம் முடைப்பட்டால் முதலில் கைவைக்கப்படுவது பெரும்பாலும் இதில்தான். பணம் ஏன் முடைப்படுகிறது? 2018-இல் மாநிலத் தலைநகர் ட்ரெண்டனில் சட்டமன்றம் பள்ளி மானியப் பங்கீட்டைத் திருத்தியது. தகுதிக்கு மேல் பெறுவதாகக் கணக்கிடப்பட்ட பள்ளி மாவட்டங்களுக்கு ஆண்டுதோறும் மானியம் குறைந்தது. உள்ளூரில் வரியை ஏற்றிச் சரிக்கட்டலாம் என்றால், சில விலக்குகள் தவிர ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2010-இல் வந்த சட்டம் தடுக்கிறது. பேருந்து நின்றதும் பெற்றோர் பள்ளி முதல்வரிடம் போய்ச் சண்டை போடுகிறார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? மாநிலச் சட்டமன்றத்தில் உங்கள் தொகுதிக்கு ஒரு செனட்டரும் இரண்டு பேரவை உறுப்பினர்களும் இருக்கிறார்கள். கேள்வி அவர்களிடம் போக வேண்டும்.

அவர்களைத் தேர்ந்தெடுப்பது ஒற்றைப்படை ஆண்டுகளில். ஆளுநர் தேர்தலும் அப்படித்தான். அதிபர் தேர்தலின் ஆரவாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் நாம் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்.

ஒரு கட்சியின் கை ஓங்கிய ஊர்களில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத பிரைமரியிலேயே முடிவு தெரிந்துவிடும். பல கவுண்டிகளில் கட்சித் தலைமை ஆதரித்த வேட்பாளர்களை எல்லாம் ஒரே வரிசையில் அடுக்கி, மற்றவர்களை ஓரத்துக்குத் தள்ளும் வாக்குச்சீட்டு முறை நெடுங்காலம் இருந்தது. அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் தொடுத்த வழக்கில் 2024 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி சாஹித் குரைஷி ஜனநாயகக் கட்சி பிரைமரியில் அதற்குத் தடை விதித்தார். மறு ஆண்டு சட்டமே மாறியது. ஒரு பதவிக்கு நிற்கும் எல்லோரும் இப்போது ஒரே கட்டத்துக்குள் வருகிறார்கள். எத்தனையோ பேர் போராடிப் பெற்ற மாற்றம் இது. நாம் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர்கள் பிரைமரி நாளன்று வாக்குச்சாவடியிலேயே கட்சியைத் தெரிவித்து வாக்களிக்கலாம்; போய் வாக்களியுங்கள். 1975-ஆம் ஆண்டின் திறந்த கூட்டச் சட்டப்படி ஊர் மன்றமும் பள்ளி வாரியமும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியாக வேண்டும். ஒரு மாலை போய் உட்காருங்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். தமிழ்ப் பள்ளியை வாரந்தோறும் சம்பளமின்றி நடத்துகிறவர்களே, பள்ளி வாரியத்துக்கு நீங்களே ஏன் நிற்கக் கூடாது? குடியுரிமை, வாக்காளர் பதிவு, ஊரில் ஓராண்டு வசிப்பு ஆகியவை முக்கியத் தகுதிகள். நவம்பரில் தேர்தல் நடக்கும் ஊர்களில் மனு கொடுக்கக் கடைசி நாள் ஜூலை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, மாலை 4 மணி.

அன்புடன்,
உங்களில் ஒரு வாக்காளர்