கவிதை எழுதுறவங்க படிக்கவும் பழகணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கவிதை எழுத கத்துக்கொடுக்கிற பட்டறைங்க நிறைய நடக்குது, சந்தோஷம்தான், ஆனா பெரும்பாலும் எழுது எழுதுன்னுதான் சொல்றாங்க, ஒரு கவிதைய அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் பார்க்க நேரமே ஒதுக்குறதில்ல. ரெண்டும் சேர்ந்தே நடக்கணும்ங்க.

குறுந்தொகை 40ஆம் பாட்டு அஞ்சே அடி. முதல் மூணு அடியும் என் அம்மா யாரு உன் அம்மா யாரு, அப்பாக்களுக்குள்ள என்ன உறவு, நாம எப்படி அறிஞ்சோம்னு கேள்வியாவே போகுது, நாலாவதுலதான் செம்மண்ணுல பெய்த மழைத்தண்ணி வருது, அது மாதிரி அன்பான நெஞ்சங்க கலந்துடுச்சுன்னு அஞ்சாவதுல முடியுது. அந்த மழைத்தண்ணி உவமைய முதல் அடிக்கு மாத்தி எழுதிப் பாருங்க, பாட்டு அப்படியே படுத்துடும். கலந்தத இனி பிரிக்க முடியாதுன்னு கவிஞர் எங்கயும் விளக்கவே இல்ல. இத கவனிச்சவங்க அவங்க கவிதையில உவமைக்கு அடுத்து வர்ற விளக்க வரிய தானா அடிச்சிடுவாங்க.

அதே மாதிரி தளை (ஒரு சீர் அடுத்த சீரோட சேர்ற விதி) தட்டாம ஒரு வெண்பா எழுதிப் பார்த்தவங்களுக்குத்தான் கடைசி அடி ஏன் மூணு சீர்ல நின்னு அழுத்தமா முடியுதுன்னு காதுல கேக்கும்.

உங்க பத்திரிகையில வர்ற கவிதைங்க பக்கத்துலயே சின்னதா ஒரு விமர்சனமும் போடுங்க, பாராட்டு மட்டும் வேணாம், எந்த வரி நிக்கல, ஏன்னு சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்