ஆணி அடிக்காத கேமரா

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு சுகர் பரவாயில்ல, மாத்திரைய ஒழுங்கா போடுறாங்க. போன்ல கூப்பிட்டா நீ மீட்டிங்ல இருக்கேங்கிற, நான் சரிங்கிறேன், அதோட முடிஞ்சிருது. கடலை மிட்டாய் அனுப்ப விலாசம் கேட்டதுக்கு ஆபீஸ் விலாசத்தைக் குடுத்த இல்லையா, இதையும் அதுக்கே அனுப்புறேன். வீட்டு விலாசம்தான் எனக்கு மனப்பாடமா தெரியுமே, எதுக்கு ஆபீஸுக்குன்னு அப்பா கேட்டாங்க. பகல்ல வாங்கி வைக்க ஆள் இருக்காதுன்னு சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை கேட்டியே, சுவத்துல ஆணி அடிக்காம வைக்கிற மாதிரி கேமரா, மூவாயிரத்துக்குள்ள எது நல்லதுன்னு. ஊர்ல எத்தனையோ பேர் இருக்க என்கிட்ட கேட்டது சந்தோஷம்தான். கடைக்கு நாலு கேமரா போட்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்ல. ஆனா உங்க அப்பார்ட்மென்ட்ல கீழ வாட்ச்மேன், லிஃப்ட் பக்கத்துல கேமரா, வர்றவங்க நோட்டுல கையெழுத்துன்னு நீயே பெருமையா சொன்ன ஆள். சரி. கேட்டதுக்குப் பதில் சொல்றேன்.

முதல்ல கதவு. கேமரா கள்ளனைப் பிடிச்சு நிறுத்தாது, படம் மட்டும்தான் பிடிக்கும். மூவாயிரத்துல ஆயிரத்தைக் கதவுக்கு எடுத்து வை. உள்பக்கம் மேல ஒரு தாழ்ப்பாள், கீழ ஒரு தாழ்ப்பாள், ஒரு சங்கிலி. வெளிய நிக்கிறது யாருன்னு பாக்க ஒரு லென்ஸ். பூட்டை அப்படியே வச்சுக்கிட்டு சாவி போடுற சிலிண்டரை மட்டும் மாத்தலாம், கதவுல கை வைக்க வேண்டாம். முன்னால குடியிருந்தவங்ககிட்ட எத்தனை சாவி இருக்கோ, அவங்க யாருக்குக் குடுத்தாங்களோ. காலி பண்ணும்போது பழைய சிலிண்டரையே திருப்பி மாட்டிக் குடுத்துட்டு வந்தா ஓனரும் ஒண்ணும் சொல்ல மாட்டார். வாடகை வீடுன்னு நான் எப்படி எழுதுறேன்னு யோசிக்காத. சொந்த வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்க யாரும் பயப்பட மாட்டாங்கட்டி.

இனி கேமரா. பல்பு மாதிரி ஹோல்டர்ல மாட்டுறது ஒண்ணு விக்கிறாங்க, ஆணியே வேண்டாம்னு அதைத்தான் முதல்ல காட்டுவாங்க. அது வேண்டாம். யாராவது சுவிட்சை அமத்துனா கேமராவும் செத்துரும். பேட்டரில ஓடுறது, ஆள் அசைஞ்சாத்தான் முழிக்கும், அது முழிக்கிறதுக்குள்ள வந்தவன் முதுகைத்தான் பாக்கலாம். சார்ஜ் போட மறந்தா அதுவும் இல்ல. நீ எதுக்கு சார்ஜ் போட மறக்காம இருந்திருக்க? பிளக்ல சொருகி மேஜைல வைக்கிற வைஃபை கேமரா, தலையைத் திருப்புறது, ரெண்டாயிரம் ரெண்டாயிரத்து ஐநூறுக்குள்ள வரும். அது போதும். மெமரி கார்டு போடுற இடம் இருக்கான்னு பாத்து வாங்கு. இல்லைன்னா மாசாமாசம் சந்தா கட்டுனாத்தான் முந்தின நாள் படத்தைக் காட்டுவேம்பான். கார்டும் போன்ல போடுற சாதா கார்டு வேண்டாம், ராவும் பகலும் அழிச்சு அழிச்சு எழுதுறதுல சீக்கிரம் போயிரும். கேமராவுக்குன்னே ஹை எண்டூரன்ஸ்னு போட்டு வரும், அதைக் கேளு. பட்ஜெட் கொஞ்சம் தாண்டும். தாண்டட்டும், நான் அனுப்புறேன்.

தொள்ளாயிர ரூபாய்க்குப் பேர் தெரியாத கம்பெனி கேமரா கண்ல படும். தொடாத. 2025 ஏப்ரல்லருந்து பாதுகாப்புச் சோதனையில தேறுன கேமராவைத்தான் விக்கணும்னு மத்திய அரசு உத்தரவு இருக்கு. டப்பால பி.ஐ.எஸ்.னு அரசாங்கத் தர முத்திரை இருக்கான்னு பாரு. பழைய சரக்கைத் தள்ளிவிடத்தான் பாதி விலை.

வெளிய மாட்ட வேண்டாம், எதிர் வீட்டுக்காரங்க வாசல் விழுந்தா சண்டைக்கு வருவாங்க. உள்ளயே செருப்பு ஸ்டாண்டுக்கு எதிர்ல, ஒரு அலமாரி மேல, கதவைப் பாத்த மாதிரி வை. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால வச்சு வெளிய பாக்கலாம்னு நினைக்காத. ராத்திரி அதோட இன்ஃப்ராரெட் வெளிச்சம் கண்ணாடில பட்டுத் திரும்பி, ஒரே வெள்ளையாத்தான் தெரியும். ரொம்ப உசரத்துலயும் வேண்டாம். நம்ம கடைல வளையல் பெட்டி போச்சே, அன்னைக்குப் பாத்ததுல என்ன தெரிஞ்சது? ஒரு நீலத் தொப்பி. தொப்பிக்குக் கீழ மூஞ்சி இருந்ததா இல்லையான்னே தெரியல, அவ்வளவு மேல மாட்டிட்டுப் போயிருக்கான் மாட்டுனவன். அதுபோக படத்தைப் பதிஞ்சு வைக்கிற டி.வி.ஆர். பெட்டில உள்ள சின்ன பேட்டரி செத்து, தேதி 2000 ஜனவரி 1-ன்னு ஓடிக்கிட்டிருந்தது. வந்த ஏட்டு பென்டிரைவைக் கைல வச்சுக்கிட்டு, "ஏம்மா, இந்தத் தேதில நீங்க கடையே தொறக்கலையே"ன்னார். அவர் சொன்னதுக்கு அப்பா சிரிச்சாங்க பாரு, இன்னைக்கு நினைச்சாலும் எனக்குக் கோவம் வருது. நீயும் வாரம் ஒருக்கா தேதி, மணி சரியா இருக்கான்னு பாத்துக்க.

கரண்ட் போனா கேமராவும் போகும், வைஃபையும் போகும். ரவுட்டருக்குன்னு சின்ன யு.பி.எஸ். ஆயிரத்துச் சொச்சத்துக்கு வருது. கேமராவும் அதுல ஓடுமான்னு கடைல கேளு, ஓல்டேஜ் மாறும். இது இப்பவே வேணும்னு இல்ல, அடுத்த மாசம் வாங்கலாம்.

முக்கியமானது பாஸ்வேர்டு. டப்பால வர்றதை வைக்காத, அன்னைக்கே மாத்து. உன் பேரு, என் பேரு, கல்யாணத் தேதி எதுவும் வேண்டாம். அந்தத் தேதியைத்தான் நீ எல்லாத்துக்கும் வைப்பேன்னு எனக்கே தெரியும், எனக்குத் தெரிஞ்சா இன்னும் யார் யாருக்குத் தெரியும்? புதுசா ஒரு இமெயில் திறந்து அதுலதான் கேமராவைப் பதியணும். வீட்டு டிவில, பழைய டேப்லெட்ல, கார்ல எல்லாம் உன் பழைய அக்கவுண்ட் தொறந்தே கெடக்கும்ல, அதுல பதிஞ்சா நீ எப்ப வர்ற, எப்ப போறங்கிறதை உக்காந்த எடத்துலருந்தே பாக்கலாம். ஓ.டி.பி. உன் போனுக்கு மட்டும் வர்ற மாதிரி ரெண்டாவது பூட்டும் ஆப்லயே இருக்கு, அதைப் போடு. எனக்குக் கூட பாஸ்வேர்டு சொல்லாத. நானும் பாக்கணும்னு உனக்குத் தோணினா ஆப்லயே ஷேர்னு இருக்கு, அதுல குடு. தோணாட்டியும் தப்பில்ல. படுக்கிற ரூம்ல எந்தக் கேமராவும் வேண்டாம்.

போன்ல இருப்பிடம் யாருக்கெல்லாம் போகுதுன்னும் பாரு. கூகுள் மேப்ல ஒரு காலத்துல ஆசையா ஷேர் பண்ணி வச்சிருப்பீங்க.

நகை எங்க இருக்கு? கேமரா பத்தி எழுதறதால கேக்குறேன், வேற ஒண்ணுமில்ல. லாக்கர்ல இருக்குன்னா அது யார் பேர்ல? ரெண்டு பேர் பேர்லயும் எடுத்து, ஒருத்தர் போனாலே திறக்கலாம்னு எழுதிக் குடுத்திருந்தா, போய்த் திறந்து பாத்துட்டு வா. திருடு போனாலும் தீப்பிடிச்சாலும் பேங்க் பொறுப்பு லாக்கர் வருஷ வாடகையில நூறு மடங்குதான், 2022-லருந்து ரிசர்வ் பேங்க் விதி. ரெண்டாயிரம் வாடகைன்னா ரெண்டு லட்சம். இன்னைக்கு விலைக்கு அது எத்தனை பவுன்னு நீயே கணக்குப் போடு. ஆச்சியோட அட்டிகையை மட்டுமாவது இங்க கொண்டு வந்துரு. அதுக்கு நான் பட்டது உனக்கும் தெரியும், உன் சித்திக்கும் தெரியும்.

உன்னை நினைச்சா பெருமையாவும் இருக்கு. இருபத்தொம்பது வயசுல தனியா வீடு பாத்து, அட்வான்ஸ் குடுத்து, கேமரா வரைக்கும் யோசிக்கிற. எனக்கெல்லாம் கடை வாடகைக்கு ஓனரைப் பாக்கப் போகவே அப்பா கூட வரணும். ஆனா திருக்கல்யாணத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டு வரல. காரணமும் சொல்லல. செண்பகவல்லி கோயில்ல எல்லாரும் உன்னையும் மாப்பிள்ளையையும் கேட்டாங்க. நான் ஆபீஸ்ல லீவு இல்லைன்னுட்டேன். எத்தனை பேர்கிட்ட சொன்னேன், அத்தனை பேரும் நம்புனாங்களான்னு தெரியல.

பாஸ்வேர்டை மறக்காம மாத்து.

181-ன்னு ஒரு நம்பர் இருக்கு, பெண்களுக்கானது, எந்நேரமும் எடுப்பாங்க. எந்த அவசரத்துக்கும் 112-ம் இருக்கு. காவல் உதவின்னு போலீஸ் ஆப் ஒண்ணு இருக்கு, செவப்புப் பட்டனை அமுக்குனா நீ இருக்கிற இடம் அவங்களுக்குப் போயிரும். நம்ம கடைல வேலை பாக்குற பிள்ளைங்க எல்லாரையும் போட வச்சிருக்கேன். நீயும் சும்மா போட்டு வை.

மிட்டாய் டப்பாவுக்கு அடியில துணியில சுத்தி ஒரு கதவுச் சங்கிலி, லென்ஸ், ரெண்டு தாழ்ப்பாள், ஸ்க்ரூ எல்லாம் வச்சிருக்கேன். இதுக்குக் கதவுல துளை போட்டாகணும், ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. முன்னபின்ன தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விட வேண்டாம். டிரில் மிஷின் பக்கத்துக் கடையில இருக்கு, நான் கேட்டா குடுப்பாங்க. கடைக்கு கேமரா மாட்டும்போது பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், பெரிய வித்தை இல்ல. வியாழக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறுனா வெள்ளி காலைல தாம்பரத்துல எறங்கிருவேன். அப்பாகிட்ட உன் சித்தி மக வளைகாப்புக்குச் சேலை எடுக்கப் போறேன்னு சொல்லிக்கிறேன். வரவான்னு கேக்கல, டிக்கெட் போட்டாச்சு. ஸ்டேஷன்லருந்து எந்த பஸ் ஏறணும், எங்க எறங்கணும்னு மட்டும் அனுப்பு.

அம்மா
கோவில்பட்டி