பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

18 வயது நிரம்பாத பிள்ளையை மனநலப் பிரிவில் சேர்க்க, படிவத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். சில மருத்துவமனைகளும் அப்படித்தான் நடக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆவது பிரிவு கேட்பது வேறு.

பெற்றோர் விண்ணப்பித்த பிறகு இருவர் பிள்ளையைத் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர்; மற்றவர் இன்னொரு மனநல மருத்துவராகவோ, மனநல வல்லுநராகவோ, பொது மருத்துவராகவோ இருக்கலாம். சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களிலோ பார்த்திருக்க வேண்டும். உள்நோயாளியாகச் சேர்க்காமல் முடியாது என்ற முடிவுக்கு இருவருமே வர வேண்டும். பிள்ளையின் விருப்பம் தெரிந்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முதல் மருத்துவர் எழுதியதைப் பார்த்து இரண்டாமவர் ஒப்பமிட்டால் இந்த ஏற்பாட்டுக்கே பொருளில்லை.

பெரியவர்கள் வார்டில் பிள்ளையைப் படுக்கவைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ கடைசிவரை உடனிருக்க வேண்டும். மகளை அப்பா சேர்க்கிறார் என்றால் துணைக்கு ஒரு பெண் அவசியம். இதை முன்கூட்டியே சொல்லாததால் சேர்க்க வந்த இடத்தில் சித்தியையும் அத்தையையும் தேடி அலைகிறார்கள்.

தனியாக வரும் தாயிடம் 'அப்பா கையெழுத்து எங்கே?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது தவறு. தந்தை பிள்ளையைக் கவனிக்காத நிலையில் தாயே இயற்கைப் பாதுகாவலராக (பிள்ளைக்காக முடிவெடுக்கச் சட்டப்படி உரிமையுள்ளவராக) செயல்படலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999லேயே சொல்லிவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெற்றோர் கேட்டால் பிள்ளையை டிஸ்சார்ஜ் செய்தே ஆக வேண்டும். தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை 'மந்திரித்தால் சரியாகிவிடும்' என்று அழைத்துப்போக வந்தால்? பெற்றோர் பிள்ளையின் நலனுக்கு எதிராக நடக்கிறார்கள் என்று, இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்திடம் ஆதாரத்துடன் முறையிட்டு, பிள்ளை சார்பில் முடிவெடுக்க வேறொருவரைப் பிரதிநிதியாக நியமிக்கக் கோரலாம். 15ஆவது பிரிவு தரும் இந்த வழி வார்டில் வேலை செய்பவர்களுக்கே சரியாகத் தெரிவதில்லை.

சேர்த்த 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாள் தாண்டினால் வாரியம் கட்டாயம் ஆய்வு செய்ய வேண்டும். 'ஷாக்' சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதத்தோடு வாரியத்தின் முன்அனுமதியும் வேண்டும்.

வெளிநோயாளியாக வரும் பிள்ளைக்கு யார் சம்மதிப்பது என்பதை இந்தச் சட்டம் இப்படி வரையறுக்கவில்லை. வீட்டில் அடிவாங்கும் 16 வயதுப் பெண் தனியாக ஆலோசனைக்கு வந்தால், 'அம்மாவைக் கூட்டிவா' என்பதே பதிலாகிறது. அரசு இதற்குத் தெளிவான வழிகாட்டுதல் வெளியிட வேண்டும். அதுவரை அவளை வெறுங்கையோடு அனுப்பாமல், 14416 (டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டையுமாவது எழுதிக் கொடுங்கள். சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் இந்த விதிகளையும் வாரியத்தின் தொலைபேசி எண்ணையும் தமிழில் அச்சிடச் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மனநலச் சமூகப் பணியாளர்கள்,
மதுரை