அடைமழைக்கு முன் ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள்: கல்லூரி முதல்வர்களுக்கும் விடுதி வார்டன்களுக்கும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில் பல வருடம் துணை வார்டனாக இருந்தவள் நான். ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் ஏதாவது ஒரு அறையில் இருமல் கேட்க ஆரம்பிக்கும். நாலைந்து நாளில் மாடி முழுக்கக் கேட்கும். செமஸ்டர் தேர்வும் அப்போதுதான் வரும்.

ஒரு வருடம் இரண்டாமாண்டுப் பிள்ளை ஒருத்தி, காலை எட்டரை மணிக்கு, மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டேன், அனலாகக் கொதித்தது. பையில் பாராசிட்டமால் அட்டை, பாதி காலி. "படுத்துக்கொள்ளம்மா" என்றேன். "மிஸ், எனக்கு வருகை 74 சதவீதம்தான் இருக்கு" என்றாள். மூன்று நாள் அப்படியே மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்பிலும் ஆய்வகத்திலும் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்த வாரம் முடிவதற்குள் அவள் அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் படுத்துவிட்டார்கள்.

கிருமிநாசினி தெளிப்பது, கை கழுவச் சொல்லிச் சுவரொட்டி ஒட்டுவது எல்லாம் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் நம் கல்லூரிகளில் ஃப்ளூ காய்ச்சலைப் பரப்புவதில், வருகை 75 சதவீதம் இருந்தால்தான் தேர்வு எழுதலாம் என்ற விதிக்கும் பெரிய பங்கு இருக்கிறது. ஃப்ளூ வந்தவரிடமிருந்து, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். முதல் மூன்று, நான்கு நாட்கள்தான் பரவுவது மிக அதிகம். மாத்திரை போட்டால் சூடு இறங்குமே தவிரப் பரவுவது நிற்காது. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் வகுப்புக்கு அனுப்ப வேண்டும். நாமோ சரியாக அந்த முதல் நாட்களில் பிள்ளைகளை அறுபது பேர் உட்காரும் அறைக்குள் அழைக்கிறோம்.

மருத்துவச் சான்றிதழ் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்கிறோமே என்பீர்கள். அந்தச் சான்றிதழுக்காகவே காய்ச்சலோடு பேருந்து ஏறி, கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மட்டுமாவது, வார்டன் வெப்பமானியில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று வையுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் இதைத் தங்கள் கல்விக்குழுவில் பேசலாம். மற்றவர்கள் பல்கலைக்கழகத்துக்கு இப்போதே எழுதலாம்.

மெஸ்ஸில் வேலை பார்க்கும் அக்காக்களின் நிலைமையும் இதேதான். ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி போச்சு. இருமிக்கொண்டே சாம்பார் ஊற்றுவார்கள். காய்ச்சல் நாளுக்குக் கூலி பிடிக்காதீர்கள்.

அப்புறம், காய்ச்சல் என்றதும் "ஊருக்குப் போ" என்று சொல்லிவிடும் வழக்கம். கோயம்புத்தூரிலிருந்து திருநெல்வேலிக்கு, மழைக்காக ஜன்னல் எல்லாம் மூடிய இரவுப் பேருந்தில் அந்தப் பிள்ளை போக வேண்டும். வீட்டில் சர்க்கரை நோயோடு எழுபது வயதுப் பாட்டி இருப்பார். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ பரவியபோது புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடினார்கள். பள்ளியை மூடினால் குழந்தை தன் வீட்டில் இருக்கும். விடுதியை மூடினால் நோய் பத்து மாவட்டத்துக்குப் போகும். பெற்றோர் சொந்த வண்டியில் வந்து கூட்டிப்போக முடிந்தால் அனுப்புங்கள். மற்றவர்களுக்குத் தரைத்தளத்தில் ஜன்னல் திறக்கிற நாலைந்து அறைகளை ஒதுக்கி, கஞ்சியும் ரசம் சாதமும் வாசலுக்கே வரச் செய்யுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அலுவலக மேஜையில்தான் கிடக்கும், பேட்டரி மாற்றி வையுங்கள்.

இளவட்டம்தானே, தாங்கும் என்று விட்டுவிடக் கூடாது. 2009-ல் எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சல் வந்தபோது முதியவர்களைவிட இளையவர்களைத்தான் அதிகம் பிடித்தது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இறங்கிய காய்ச்சல் திரும்பி வந்தாலோ ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்துமா, சர்க்கரை உள்ள பிள்ளைகள் யார் யார் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் அந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஃப்ளூ தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பலன் தரும் என்பதால் அதையும் மழைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

டெங்குவும் இதே பருவத்தில்தான் வரும். பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்ல முடியாது. ஆகவே பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் விடுதியில் கொடுக்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு ஆபத்து.

வருகைக் குறைவுப் பட்டியலை ஒட்டுவீர்களே, பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு படிக்கும் பலகை அது. ஐப்பசிக்கு முன் அதே பலகையில், "காய்ச்சல் நாட்கள் வருகைக் கணக்கில் குறையாது" என்று ஒரு தாள் ஒட்டுங்கள். கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு முன்னாள் துணை வார்டன்