நிறுத்திவிட்ட தேர்வுக்குப் பயிற்சி எதற்கு?

நெல்லை, தென்காசி மாவட்டக் கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனிக்கும் பேராசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஆலங்குளத்துப் பக்கம். சென்னையில் 12 வருடமாக, கம்பெனித் தகவல்களை அட்டவணைகளாக அடுக்கி வைக்கும் டேட்டாபேஸின் நிர்வாகி வேலை. அது என்ன வேலை என்று ஊரில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல கணக்குப்பிள்ளை" என்பாள் என் அம்மா. அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியாது.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது மதினி ஒரு நோட்டீஸை நீட்டினாள். அண்ணன் மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி வருடம். "தம்பி, இதைப் படிச்சா வேலை உறுதின்னு காலேஜ்ல சார் சொல்லுதாவ. பணத்தைக் கட்டிரலாமா?" மடியில் பீடித் தட்டு, கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

நோட்டீஸில் போட்டிருந்தது மைக்ரோசாஃப்டின் எம்.சி.எஸ்.ஏ., எஸ்.கியூ.எல். சர்வர்; அதாவது அந்தக் கம்பெனியின் டேட்டாபேஸ் மென்பொருளைக் கையாளத் தெரியும் என்பதற்கான சான்றிதழ். அந்தச் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. தேர்வே கிடையாது, பயிற்சிக்கு மட்டும் கட்டணம். எந்தக் கல்லூரி, எந்த மையம் என்று எழுதப் போவதில்லை. ஏமாற்றத்தான் செய்தார்கள் என்றும் நினைக்கவில்லை, பழைய நோட்டீஸில் வருடத்தை மட்டும் மாற்றி அச்சுக்குக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்தத் தொகைக்கு எத்தனை ஆயிரம் பீடி என்று மதினி மனசுக்குள் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது.

அமேசானும் தன் டேட்டாபேஸ் சிறப்புத் தேர்வை 2024 ஏப்ரலோடு முடித்துக்கொண்டது. ஆகவே எந்தத் தேர்வையும் பிள்ளைகளுக்குச் சொல்லும் முன் அதை நடத்தும் நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, அது இன்னும் நடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எத்தனை நாள் செல்லும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எம்.சி.எஸ்.ஏ. போன இடத்துக்கு வந்த டிபி-300 என்ற தேர்வின் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும். இணையத்திலேயே காசில்லாமல் புதுப்பிக்கலாம், ஆனால் அதை யாராவது சொன்னால்தானே தெரியும்? இரண்டாம் ஆண்டில் எழுத வைத்தால், கம்பெனிக்காரர்கள் வளாகத்துக்கு வருவதற்குள் காலாவதியாகிக் கிடக்கும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். படித்து முடித்த கையோடு டேட்டாபேஸ் நிர்வாகி வேலை அநேகமாக யாருக்கும் கிடைக்காது. ஒரு கம்பெனியின் பத்து வருடக் கணக்கு மொத்தமும் இருக்கும் பெட்டிச் சாவியை நேற்று வந்த பையனிடம் யார் கொடுப்பார்? நானே மூன்று வருடம் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து எச்சரிக்கைச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான். புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைப்பது சப்போர்ட், டெஸ்டிங், ரிப்போர்ட் எழுதுவது, நிரல் எழுதுவது. இந்த நாலுக்கும், டேட்டாபேஸிடம் கேட்டுத் தகவலை எடுக்கும் மொழியான எஸ்.கியூ.எல். வேண்டும். சான்றிதழ் ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஆரக்கிளின் 1இசட்0-071 என்ற எஸ்.கியூ.எல். தேர்வைச் சொல்வேன். நிர்வாகத் தேர்வுகளை வேலைக்குப் போன பிறகு, கம்பெனி காசில் எழுதட்டும். 1970-இல் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் காட் (Codd), தகவலை அட்டவணைகளாக வைப்பது பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பி 1986-இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்ட மொழி எஸ்.கியூ.எல். சான்றிதழ்களின் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது, தகவலை எடுக்கும் 'செலக்ட்' கட்டளை அப்படியே இருக்கிறது.

நேர்முகத் தேர்வில் எதிர்ப்பக்கம் உட்காருகிறவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் அட்டவணை ஒன்று, கட்டணம் கட்டியவர் அட்டவணை ஒன்று. கட்டாதவர்கள் யார் என்று எடுத்துக் கொடு என்பேன். சான்றிதழோடு வந்த ஒரு பையன் இரண்டையும், இரண்டிலும் இருப்பவர்களை மட்டும் தரும் சாதாரண ஜாயினில் இணைத்து, கட்டியவர்களை மட்டும் அழகாக வரிசைப்படுத்திக் காட்டினான். மாணவர் எல்லோரையும் விடாமல் கொண்டுவரும் லெஃப்ட் ஜாயின் போட்டு, கட்டணப் பக்கம் காலியாக வரும் வரிகளை எடுக்க வேண்டும் என்பது அவன் மனப்பாடம் செய்த 'டம்ப்' வினாக்களில் இல்லை போலும். அந்த வினாத்தாள்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுவது உங்களுக்கும் தெரியும்.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டும் காசில்லாமல் கிடைக்கும். உங்கள் ஆய்வகக் கணினிகளில் போட்டுக் கொடுங்கள். (நாலு மணிக்கு அந்த ஆய்வகங்களை ஏன் பூட்டுகிறோம் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.) பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக் கணக்கை டேட்டாபேஸாக்கச் சொல்லுங்கள். விவசாயி, கமிஷன் கடை, காய், எடை, விலை. ஒரே விவசாயி இரண்டு கடைக்குச் சரக்குப் போட்டால்? காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை என்றால்? அட்டவணையை எப்படிப் பிரிப்பது என்பது அங்கேதான் பிடிபடும். மத்தளம்பாறையில் இருக்கும் ஸோஹோ, கல்லூரிப் பக்கமே போகாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வேலைக்கு எடுக்கும் பள்ளியை 2005 முதல் நடத்துகிறது. நம் வாசலிலேயே இருக்கிற உதாரணம்.

மதினி பணம் கட்டவில்லை. அண்ணன் மகள் இப்போது சந்தைக் கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் எனக்குத் தூக்கம் போச்சு.

ஆடியில் எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு வருவேன். கூப்பிட்டால் எந்தக் கல்லூரிக்கும் வந்து பிள்ளைகளோடு உட்காருகிறேன். பஸ் காசுகூட வேண்டாம். அன்றைக்கு மட்டும் நாலு மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆலங்குளத்துக் கணக்குப்பிள்ளை